வெனிஸ்: காயல் நடுவே ஒரு மாநகர்

பள்ளிப் பருவத்திலே ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் பயின்றோருள் வெனிஸ் நகரின் பெயரை அறியாதார் இலர். நண்பனுக்காகக் கடன்பட்ட அந்தோனியோவையும், ஈட்டுக்கு ஒரு இராத்தல் தசை கேட்ட ஷைலக்கையும், ஆணுடை தரித்து வழக்குரைத்த போர்ஷியாவையும் நாம் நன்கறிவோம். ஆயினும், அக்கதை நிகழ்வதாகக் கூறப்படும் நகரம் எத்தகையது, அஃது எவ்வாறு தோன்றியது, பல நாட்டு மக்கள் அங்கு எவ்வாறு ஓரிடத்தில் வாழ்ந்தனர் என்பவற்றை எண்ணிப் பார்த்தவர் நம்மிற் சிலரே. இக்கட்டுரையில் அந்நகரின் வரலாற்றையும் அங்குள்ள பெருங்கட்டடங்களையும் ஒருவாறு காண்போம்.

இத்தாலி நாட்டின் வடகிழக்கில், அட்ரியாட்டிக் கடலின் தலைப்பகுதியில், கடலுக்கும் நிலத்துக்கும் இடையே ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு ஒன்று கிடக்கின்றது. நீண்ட மணல் திட்டுகள் அதனைக் கடலினின்றும் பிரிக்கின்றன. இத்தகைய நீர்நிலையைத் தமிழில் காயல் என்கிறோம். அக்காயலின் நடுவே 118 சிறு தீவுகளின்மேல் வெனிஸ் நகரம் அமைந்துள்ளது. தெருக்களுக்கு ஈடாகக் கால்வாய்கள் ஓடுகின்றன. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் தீவுகளை இணைக்கின்றன. நகரினுள்ளே வண்டிகளுக்கு இடமில்லை. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், தீயணைப்போர் விரைந்து வருவதும், இறந்தோரை இறுதியாக இடுகாட்டுத் தீவுக்கு எடுத்துச் செல்வதும் படகிலேயே.

இந்நகரின் வரலாறு, பிறந்த ஊரை விட்டுப் பிறிதோரூரிற் குடியேறி வாழும் நம்போன்றோர்க்குத் தனிப்பட்ட சுவையுடையது. வெனிஸ் நகரை அமைத்தவர்கள் தங்கள் மண்ணை இழந்து வந்தவர்கள். அதன் செல்வத்தை வளர்த்தவர்களுட் பலர் அயல் நாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள். இன்றோ, அந்நகரின் மக்களே அதனை விட்டு நீங்கி வருகின்றனர்.

அடைக்கலம் தேடி வந்தோர்

உரோமப் பேரரசு தளர்வுற்ற காலத்தில் வடக்கிலிருந்து பல இனத்தார் இத்தாலியினுட் புகுந்தனர். கி. பி. 452-ஆம் ஆண்டில் ஹூணர் தலைவனாகிய அட்டிலா, செழிப்பு மிக்க அக்விலேயா நகரை அழித்தான். 568-ஆம் ஆண்டு முதல் லொம்பார்டியர் படையெடுத்து வந்து வட இத்தாலியில் நிலையாகத் தங்கிவிட்டனர். உயிர் பிழைத்தோர் பலர், குதிரைப் படை தொடர்ந்து வர இயலாத சதுப்புத் தீவுகளை நாடினர். அங்கே முன்பிருந்தோர் மீன் பிடிப்போரும் உப்பு விளைப்போருமாகிய சில குடியினரே. உழுவதற்கு நிலமில்லை, கல் இல்லை, குடிக்க நன்னீரும் இல்லை. வந்தவர்கள் சில நாள் தங்கிப் பின் ஊர் திரும்பலாம் என்றே முதலில் கருதியிருத்தல் கூடும். ஆனால் திரும்பும் வழி அடைபட்டது. தங்கிய இடமே ஊராயிற்று.

அவர்கள் முதலில் அமைத்த குடியிருப்புகளுள் புகழ் பெற்றது டார்செல்லோ என்னும் தீவு. அங்குள்ள அன்னை மரியாளின் பேராலயம் 639-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதாகக் கல்வெட்டொன்று கூறுகின்றது. ஒரு காலத்தில் அத்தீவு ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்ந்த வணிகத் தலமாய் விளங்கியது. பின்னர்ச் சேறு படிந்து நீர்வழிகள் தூர்ந்தன, காய்ச்சல் பரவியது, மக்கள் ஒவ்வொருவராய் வேறு தீவுகளுக்குப் பெயர்ந்தனர். கைவிடப்பட்ட வீடுகளின் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போயினர். இன்று அங்கே பேராலயமும் அதன் பொற்பதிப்பு ஓவியங்களும் உள்ளன. வாழும் மக்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பத்தாரே. டார்செல்லோவின் இக்கதையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயல் மக்களின் தலைமையிடம், நடுவிலிருந்த ரியால்ட்டோ தீவுகளுக்கு மாற்றப்பட்டது. இன்றைய வெனிஸ் அங்கிருந்தே வளர்ந்தது.

சேற்றில் ஊன்றிய மரங்கள்

இளகிய சேற்றின்மேல் மாளிகைகளையும் கோபுரங்களையும் எழுப்பியது எங்ஙனம்? மலைப் பகுதியிலிருந்தும் கடல் கடந்த டால்மேஷியக் கரையிலிருந்தும் மரங்களை வெட்டிக் கொணர்ந்தனர். அவற்றின் முனையைக் கூராக்கிச் சேற்றினூடே அடியிலுள்ள இறுகிய களிமண் வரை நெருக்கமாக அடித்து இறக்கினர். அவற்றின் தலைமேல் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் இஸ்திரியாவிலிருந்து வந்த வெண்கல்லை அடுக்கினர். அக்கல் உப்புநீரை எளிதில் உள்வாங்காது. அதற்கு மேலேதான் செங்கற் சுவர்கள் எழுந்தன. காற்றுப் புகாத சேற்றில் புதையுண்ட மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை; ஆதலின் பல நூற்றாண்டுகளாக அம்மரங்களே நகரைத் தாங்கி நிற்கின்றன.

குடிநீருக்கும் ஒரு வழி கண்டனர். ஊர்ச் சதுக்கங்களின் அடியில் பெருங்குழி தோண்டி, உப்புநீர் கசியாதவாறு களிமண்ணால் அதன் புறத்தை மெழுகி, உள்ளே மணலை நிரப்பினர். சதுக்கத்தில் விழும் மழைநீர், கல்லிடைத் துளைகளின் வழியே இறங்கி, மணலில் வடிகட்டப்பட்டு, நடுவேயுள்ள கிணற்றில் ஊறும். 1884-ஆம் ஆண்டில் நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் வரும் வரை, நகர மக்கள் பெரிதும் இக்கிணறுகளையே நம்பி வாழ்ந்தனர். செதுக்கு வேலைப்பாடமைந்த கிணற்று வாய்களை இன்றும் சதுக்கந்தோறும் காணலாம். அக்கிணற்றடியே பெண்டிர் கூடுமிடமும், சிறுவர் ஆடுமிடமும், ஊர்ச் செய்தி பரவுமிடமுமாய் இருந்தது. நம் ஊர்களின் கிணற்றடியை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

புனித மார்க்கின் பேராலயம்

வெனிஸின் நடுநாயகமாய் விளங்குவது புனித மார்க்கின் சதுக்கமும், அதன் கீழ்ப்பால் நிற்கும் பேராலயமும் ஆகும். 828-ஆம் ஆண்டில் வெனிஸ் வணிகர் இருவர், எகிப்து நாட்டு அலெக்ஸாண்டிரியாவிலிருந்து புனித மார்க்கின் உடலை மறைத்துக் கொண்டுவந்தனர் என்பது அந்நகரின் பழங்கதை. சுங்கக் காவலர் கூடையைத் திறந்து பாராதிருக்கும் பொருட்டு, அவர்கள் தீண்ட விரும்பாத பன்றி இறைச்சியை அதன்மேல் பரப்பினராம். அந்நாள் தொட்டு மார்க்கின் சின்னமாகிய சிறகுடைச் சிங்கமே வெனிஸ் அரசின் சின்னமாயிற்று.

இன்று நாம் காணும் பேராலயம் 1063-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. ஐந்து குவிமாடங்களைக் கொண்ட அதன் அமைப்பு கான்ஸ்டான்டிநோபிள் நகரின் கோவிலொன்றைப் பின்பற்றியது. உள்ளே நுழைவோர் பொன்னொளியில் மூழ்குவர். சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து அமைத்த ஓவியங்கள், ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர் பரப்பில் சுவர்களையும் விதானங்களையும் மூடியுள்ளன.

வாயிலின் மேல் பாய்வனபோல் நிற்கும் நான்கு குதிரைகளின் கதை தனிப்பட்டது. 1204-ஆம் ஆண்டில் சிலுவைப் படையினர் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையிட்டனர். அவர்களைக் கப்பலேற்றிச் சென்ற வெனிஸ் அரசுக்கு அக்கொள்ளையிற் பெரும்பங்கு கிட்டிற்று. குதிரைகளும் அவ்வாறு வந்தவையே. 1797-ஆம் ஆண்டில் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றான். 1815-ஆம் ஆண்டில் அவை மீண்டன. கொண்டவனிடமிருந்தும் கொள்வார் உண்டு என்பதற்கு அக்குதிரைகளே சான்று. இப்பொழுது வாயிலின் மேல் நிற்பவை படிவங்களே. மாசுக் காற்றினின்று காக்கும் பொருட்டு மூலக் குதிரைகள் உள்ளே வைக்கப்பட்டுள்ளன.

பேராலயத்தின் எதிரே ஏறத்தாழ 99 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டுக் கோபுரம் நிற்கின்றது. 1902-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் காலையில் அக்கோபுரம் முழுவதும் சரிந்து குப்பையாய்க் குவிந்தது. முன்னரே விரிசல் கண்டு மக்களை விலக்கியிருந்தமையால் மனிதர் எவரும் மாளவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த வண்ணமே அதனை மீண்டும் எழுப்புவது என்று நகரத்தார் துணிந்தனர். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், புனித மார்க்கின் திருநாளன்று, புதிய கோபுரம் திறக்கப்பட்டது. இடிந்ததை இடிந்தவாறே விட்டுவிடும் இயல்பு அம்மக்களுக்கு இல்லை.

தலைவனையும் கட்டுப்படுத்திய அரண்மனை

பேராலயத்தை அடுத்து, கடலை நோக்கி நிற்பது டோஜ் அரண்மனை. டோஜ் என்பது வெனிஸ் குடியரசுத் தலைவரின் பெயர். 1340-ஆம் ஆண்டில் தொடங்கிப் பலகாலும் விரிவாக்கப்பட்ட இம்மாளிகை, கீழே தூண் வரிசைகளும் மேலே வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பெருஞ்சுவருமாய்க் காட்சியளிக்கின்றது. அதனைச் சூழ அகழியுமில்லை, மதிலுமில்லை. நீரே அரணாயிருந்த நகருக்கு வேறு மதில் வேண்டியிருக்கவில்லை.

டோஜ் ஆயுள் முழுவதும் பதவி வகித்தார், பொன்னுடை அணிந்தார். ஆயினும் பிற நாட்டரசரின் மடல்களைத் தனியே பிரித்துப் படிக்கவும், இசைவின்றி நகரை விட்டு நீங்கவும் அவருக்கு உரிமையில்லை. ஆட்சி உண்மையில் பெருங்குடியினரின் மன்றங்களிடமே இருந்தது. 1297-ஆம் ஆண்டு முதல் அம்மன்றத்தின் வாயில் குறிப்பிட்ட குடும்பத்தார்க்கன்றி ஏனையோர்க்கு அடைபட்டமையால், அதனை மக்களாட்சி என்று நாம் கொள்ளுதல் இயலாது.

பெருமன்றக் கூடத்தின் சுவரில் டோஜ்களின் உருவங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றினிடையே ஓரிடத்தில் மட்டும் உருவத்துக்குப் பதிலாகக் கருந்திரை வரையப்பட்டுள்ளது. அது மரீனோ பலியேரோ என்பவருக்கு உரிய இடம். மன்றங்களை ஒடுக்கித் தனியரசனாக முயன்றமையால் 1355-ஆம் ஆண்டில் அவர் தலை கொய்யப்பட்டது. பெயரை அழித்துவிடாமல், வெற்றிடத்தைக் காட்டி எச்சரிக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அரண்மனையிலிருந்து சிறைச்சாலைக்குச் செல்லும் மூடிய பாலத்தைப் பிற்காலத்தார் பெருமூச்சுப் பாலம் என்றனர். சிறை புகுவோர் அதன் பலகணி வழியே காயலைக் கடைசி முறையாகக் கண்டு பெருமூச்செறிவர் என்பது அப்பெயருக்குக் கூறும் காரணம்.

ரியால்ட்டோவும் மிளகும்

நகரை இரண்டாகப் பிளந்து வளைந்தோடும் பெருங்கால்வாயின் நடுவே ரியால்ட்டோ பாலம் உள்ளது. மரப்பாலமாயிருந்து பன்முறை அழிந்த அதனை, 1588 முதல் 1591 வரை ஒரே வளைவுடைய கற்பாலமாக அந்தோனியோ தா போந்தே என்பவர் கட்டினார். தா போந்தே என்பதற்குப் பாலத்துக்காரர் என்றே பொருள். இருமருங்கும் கடைகள் நிறைந்த இப்பாலமே, 1854-ஆம் ஆண்டு வரை பெருங்கால்வாயைக் கடக்கும் ஒரே பாலமாயிருந்தது.

பாலத்தருகே இருந்த அங்காடிதான் வெனிஸின் செல்வத்துக்கு ஊற்று. கீழ்நாடுகளின் மிளகும் இஞ்சியும் பட்டும் செங்கடல் வழியாக எகிப்துக்கு வந்து, அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஏறின. அவற்றுக்கு விலையாகச் சென்ற வெனிஸ் பொற்காசுகள் தென்னிந்தியாவிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 1271-ஆம் ஆண்டில் வெனிஸை விட்டுப் புறப்பட்டு 1295-ஆம் ஆண்டில் திரும்பிய மார்க்கோ போலோ, பாண்டி நாட்டு முத்துக்குளிப்பையும், குதிரைகள் வந்திறங்கிய காயல் துறைமுகத்தையும் குறித்துத் தம் நூலிற் கூறியுள்ளார். காயலிற் பிறந்தவர் காயல் என்னும் பெயருடைய ஊரைக் கண்டு எழுதியது ஓர் இனிய பொருத்தமாகும்.

1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்த செய்தி வெனிஸுக்கு எட்டியபோது வணிகர் பலர் கலங்கினர். அவர்கள் அஞ்சியவாறு வணிகம் உடனே அழிந்துவிடவில்லை. எனினும் உலகக் கடல் வழி வேறு திசையிற் சென்றுவிட்டது.

அயலார்க்கு அளித்த இடம்

வெனிஸில் நாம் கருத்தூன்றிக் காண வேண்டியவை, அயல் நாட்டார்க்கென அமைந்த கட்டடங்கள். ரியால்ட்டோ பாலத்தின் அருகே ஜெர்மானிய வணிகர்களின் பண்டகசாலை உள்ளது. தீயில் அழிந்த பழைய கட்டடத்துக்கு மாற்றாக 1508-ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது இது. ஜெர்மானியர் அங்கேயே தங்கி, அங்கேயே சரக்கை இறக்கி, அரசு அலுவலர் கண்காணிப்பில் விற்க வேண்டும் என்பது விதி. பெருங்கால்வாயின் மேற்பகுதியில் துருக்கியர் இல்லம் உள்ளது. 1621 முதல் 1838 வரை துருக்கி வணிகர் அதில் தங்கினர். தொழுவதற்கும் நீராடுவதற்கும் இடமிருந்தது. இரவில் கதவுகள் பூட்டப்பட்டன. வெனிஸும் துருக்கியும் பன்முறை போரிட்ட காலத்திலும் அவ்வில்லம் வணிகத்துக்கென நிலைத்தது. இன்று அஃது இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையாக உள்ளது.

டால்மேஷியக் கரையிலிருந்து வந்த மாலுமிகளும் தொழிலாளரும் 1451-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். நோயுற்ற உறுப்பினர்க்கு உதவுதல், முதுமையுற்ற மாலுமிகளைப் பேணுதல், அயலூரில் இறந்தோரை முறைப்படி அடக்கம் செய்தல் ஆகியவை அதன் பணிகள். சிறிதளவு பொருள் சேர்ந்ததும் கர்ப்பாச்சியோ என்னும் ஓவியரைக் கொண்டு தங்கள் கூடத்தை அணி செய்தனர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் அச்சங்கக் கூடத்திலேயே உள்ளன. அச்சங்கமும் இன்றளவும் நடைபெறுகின்றது. கிரேக்கர் 1498-ஆம் ஆண்டில் சங்கம் அமைத்து, 1573-ஆம் ஆண்டளவில் தம் முறைப்படியான கோவிலையும் கட்டி முடித்தனர். நகரில் தனித்து வாழ்ந்தோர் ஒருவருக்கொருவர் துணையாவதற்கு இச்சங்கங்களே வழி செய்தன.

ஆர்மீனியர் தொடர்பு நம் தமிழகத்தையும் தொட்டு நிற்கின்றது. மெகிதார் என்னும் ஆர்மீனியத் துறவிக்கு 1717-ஆம் ஆண்டில் வெனிஸ் அரசு சான் லஸாரோ என்னும் சிறு தீவை வழங்கியது. முன்பு தொழுநோயாளர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த அத்தீவு, துறவியர் உழைப்பால் சுவடிகளும் அச்சகமும் நிறைந்த கல்விச் சாலையாயிற்று. ஆங்கிலக் கவிஞர் பைரன் அங்கே சென்று ஆர்மீனிய மொழி பயின்றார். சென்னையில் ஆர்மீனியன் தெரு இருப்பதை நம்மிற் பலர் அறிவர். அச்சென்னையில் பொருளீட்டிய ஆர்மீனிய வணிகராகிய சாமுவேல் மூராத், எட்வர்டு ராபேல் ஆகிய இருவரின் கொடையைக் கொண்டு, 19-ஆம் நூற்றாண்டில் மெகிதார் வழித் துறவியர் வெனிஸில் ஆர்மீனியச் சிறுவர்க்கெனப் பள்ளி நிறுவினர். அது 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை நடைபெற்றது. சொந்த நாட்டை இழந்தோர் ஓர் ஊரில் ஈட்டிய பொருள், வேறோர் ஊரில் அவர்தம் மக்களின் மொழியைக் காத்தது. சான் லஸாரோவின் நூல் நிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிக் கட்டொன்று இருப்பதைத் தமிழ் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்டறிந்தார் என்ற செய்தி 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவையனைத்தையும் கூறிய நாம், ஷைலக்கின் இனத்தார் நிலையை மறைத்தல் தகாது. 1516-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள், யூதர் அனைவரும் பழைய வார்ப்படச் சாலை இருந்த ஒரு சிறு தீவிலேயே வாழ வேண்டுமென வெனிஸ் அரசு ஆணையிட்டது. அவ்விடத்தின் பெயர் கெட்டோ. உலகமெங்கும் ஒதுக்கப்பட்ட மக்களின் சேரிகளைக் குறிக்க வழங்கும் சொல் இங்கே பிறந்ததே. மாலையில் வாயில்கள் பூட்டப்பட்டன; காவலர்க்குரிய கூலியையும் யூதரே கொடுக்க வேண்டியிருந்தது. பரப்பு விரியாதபோது மக்கள் பெருகினமையால், வீடுகளை மேன்மேலும் அடுக்கிக் கட்டினர். தாழ்ந்த விதானங்களையுடைய அவ்வுயர்ந்த வீடுகளை இன்றும் காணலாம். அந்நெருக்கடியினுள்ளும் ஐந்து தொழுகைக் கூடங்களை அழகுற அமைத்தனர். 1797-ஆம் ஆண்டில் வாயில்கள் அகற்றப்பட்டன. ஆயினும் 1943, 1944-ஆம் ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட யூதர் அந்நகரிலிருந்து நாஜிகளின் கொலை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; மீண்டவர் மிகச் சிலரே. அவர்தம் நினைவாக வெண்கலப் பதிவுகள் அச்சதுக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. பிறரால் விரட்டப்பட்டு வந்தோரின் வழித்தோன்றல்களே வேறொரு மக்களை வாயிலிட்டுப் பூட்டினர் என்பது வெனிஸ் வரலாற்றின் நீங்காத கறை.

கொள்ளைநோயும் நேர்த்திக் கடனும்

பல நாட்டுக் கப்பல்கள் வந்த துறைமுகத்தில் பல நாட்டு நோய்களும் வந்தன. 1423-ஆம் ஆண்டிலேயே கொள்ளைநோயாளரைத் தனியே வைத்துப் பேண ஒரு தீவை வெனிஸ் ஒதுக்கியது. ஐயத்துக்குரியோரை 40 நாள் விலக்கி வைக்கும் வழக்கத்தால், நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்னும் சொல் பிறந்தது.

1630, 1631-ஆம் ஆண்டுகளில் வந்த நோய் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரை வாரிக்கொண்டது. நோய் நீங்கினால் அன்னை மரியாளுக்கு ஒரு கோவில் எழுப்புவதாக அரசினர் நேர்ந்துகொண்டனர். பெருங்கால்வாயின் முகப்பில் வெண்ணிறக் குவிமாடத்துடன் நிற்கும் சலூத்தே ஆலயம் அவ்வேண்டுதலின் பயன். சலூத்தே என்பதற்கு உடல்நலம் என்று பொருள். பல்தஸாரே லொங்கேனா என்னும் கட்டடக் கலைஞர் 1631-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வாலயம் 1687-ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்டது. அதனைக் காணாமலே அவர் 1682-ஆம் ஆண்டில் மறைந்தார். இன்றும் ஒவ்வோராண்டும் நவம்பர் 21-ஆம் நாள், கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைத்து, நகரத்தார் நடந்து சென்று அங்கே மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். காண வருவோர்க்கான விழாவன்று இது. நகரத்தார் தமக்கென வைத்துக்கொண்ட விழா.

அரசு வீழ்ந்தது, நகர் நின்றது

ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்த வெனிஸ் குடியரசு 1797-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் நெப்போலியன் படையின்முன் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. கடைசி டோஜ் லுதோவீக்கோ மனின் என்பவர். பின்னர் நகரம் ஆஸ்திரியர் கைக்கு மாறியது. 1848-ஆம் ஆண்டில் தானியேலே மனின் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்து மீண்டும் குடியரசு அமைத்தனர். முற்றுகையும் பஞ்சமும் வாந்திபேதியும் ஒருங்கே தாக்க, 1849-ஆம் ஆண்டில் பணிய நேர்ந்தது. 1866-ஆம் ஆண்டில் வெனிஸ் இத்தாலியுடன் இணைந்தது. இதற்கிடையே 1846-ஆம் ஆண்டில் காயலைக் கடந்து இருப்புப்பாதை வந்தது. 1933-ஆம் ஆண்டில் சாலையும் வந்தது. நீரால் தனித்து நின்ற நகரம் நிலத்தோடு பிணைக்கப்பட்டது.

நீர் ஏறுகின்றது, மக்கள் இறங்குகின்றனர்

1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் கடல் நீர் வழக்கமான அளவுக்கு மேல் 194 சென்டிமீட்டர் உயர்ந்து நகரினுட் புகுந்தது. மின்விளக்கு அணைந்தது, அடித்தளத்து வீடுகளிலும் கடைகளிலும் எண்ணெய் கலந்த நீர் நிறைந்தது. எதிர்க்கரையிலுள்ள தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்தமையால் நகரம் சற்றே தாழ்ந்திருந்தது. அவ்விறைப்பு பின்னர் நிறுத்தப்பட்டது. கடலோ தொடர்ந்து உயர்ந்து வருகின்றது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நீர் 187 சென்டிமீட்டரை எட்டியது.

இதனைத் தடுக்க மோசே என்னும் பெருந்திட்டம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. காயலுக்கும் கடலுக்கும் இடையேயுள்ள மூன்று வாய்களிலும் 78 எஃகுக் கதவுகள் நீரடியிற் படுத்துக் கிடக்கின்றன. கடல் பொங்கும்போது அவற்றினுள்ளே காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் அவை எழுந்து கடலைத் தடுத்து நிற்கும். பெரும் பொருட்செலவும், 2014-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஊழலும், நெடுங்காலத் தாமதமும் கடந்து, 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் முதன்முறையாக அக்கதவுகள் பொங்கிய கடலைத் தடுத்தன. அன்று புனித மார்க்கின் சதுக்கம் வெள்ளத்தினின்று தப்பியது.

கடலைத் தடுக்கக் கதவு செய்தாயிற்று. மக்கள் வெளியேறுவதைத் தடுக்கக் கதவு செய்ய இயலுமோ? 1951-ஆம் ஆண்டில் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-ஆம் ஆண்டில் அத்தொகை 50,000-க்கும் கீழே சென்றது. வெள்ளத்துக்கு அஞ்சிச் சிலர் நீங்கினர். வாடகை தாங்காமற் பலர் நீங்கினர். வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறின. காய்கறிக் கடை இருந்த இடத்தில் முகமூடியும் பொம்மையும் விற்கும் கடைகள் வந்தன. அங்கே வேலை செய்வோருட் பெரும்பாலார் எதிர்க்கரையிலுள்ள மெஸ்திரே போன்ற இடங்களில் வாழ்ந்து, நாள்தோறும் வந்து திரும்புகின்றனர். அவர்களுள் வங்காள தேசத்திலிருந்து குடியேறிய தொழிலாளரும் பலர். ரியால்ட்டோவின் அருகே ஒரு மருந்துக் கடையின் பலகணியில், எஞ்சியுள்ள நகர மக்களின் தொகையைக் காட்டும் எண்பலகையை 2008-ஆம் ஆண்டில் வைத்தனர். நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல் மக்கள் அதனைப் பார்த்துச் செல்லலாயினர்.

நகரத்தார் வாளாவிருந்தாரல்லர். பெருங்கப்பல்கள் புனித மார்க்கின் சதுக்கத்தை ஒட்டிச் செல்வதை எதிர்த்துப் படகுகளில் அணிவகுத்தனர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அப்பெருங்கப்பல்கள் அவ்வழியே செல்வது தடை செய்யப்பட்டது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் முதல், ஒரு நாள் மட்டும் வந்து திரும்புவோர் குறித்த சில நாட்களில் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் முறையும் வந்தது. தாம் வாழும் ஊருக்குள் வரக் கட்டணம் வைத்தால் அது காட்சிசாலையாகி விடாதோ என்று நகரத்தார் சிலரே அதனை எதிர்த்ததும் உண்டு. அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

வெனிஸின் கோபுரம் இடிந்தது, மீண்டும் எழுந்தது. குதிரைகள் போயின, மீண்டும் வந்தன. கடலையும் ஓரளவு தடுத்தாயிற்று. கல்லையும் மரத்தையும் காக்கும் கலையை அந்நகரத்தார் கற்றுத் தேர்ந்துள்ளனர். ஆனால் நவம்பர்த் திங்களில் சலூத்தே ஆலயத்துக்கு மெழுகுவத்தியுடன் நடப்பதற்கும், சதுக்கத்துக் கிணற்றருகே பந்தாடுவதற்கும், அவ்வூர்ப் பேச்சு வழக்கில் ஒருவரையொருவர் அழைப்பதற்கும் ஆட்கள் வேண்டும். ஆட்கள் நீங்கியபின் எஞ்சுவது எதுவென்பதை, அதே காயலில் சிறிது தொலைவிலேயே டார்செல்லோ காட்டி நிற்கின்றது. அங்கே கோவில் இருக்கின்றது, பொற்பதிப்பு ஓவியங்கள் மின்னுகின்றன, ஊர் இல்லை.

சேற்றிலே மரம் நட்டு ஊர் அமைத்தவர்கள், ஒரு காலத்தில் வேறிடத்திலிருந்து வந்த எளியோரே. குடிவந்தோரை வாழவைத்த அளவில் அந்நகர் தழைத்தது; ஒதுக்கிப் பூட்டிய அளவில் தன் பெயருக்கு இழுக்குத் தேடிக்கொண்டது. இனியும் அது நகராக நிலைக்க வேண்டுமாயின், வந்து காண்போரைவிட வந்து வாழ்வோரையே அது தேட வேண்டும். வெனிஸ் செல்லும் வாய்ப்பு நம்மவர்க்குக் கிட்டுமாயின், பேராலயத்தையும் அரண்மனையையும் கண்டபின், டால்மேஷிய மாலுமிகளின் சங்கக் கூடத்தையும் ஆர்மீனியர் தீவையும் கெட்டோவின் உயர்ந்த வீடுகளையும் கண்டு வருதல் வேண்டும். அயலூரில் வாழ்ந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவை நமக்கு உரைக்கும்.